ஆல்பெர் காம்யு

நூலாசிரியர்தம் வாழ்க்கையை அறிந்து அவர்தம் நூல்களைப் படிப்பார்க்கும், அறியாது படிப்பார்க்கும் அந்நூல்கள் ஒரே பொருளைத் தருவதில்லை. இவ்வுண்மைக்குச் சான்றாவது, பிரெஞ்சு மொழியில் 1942ஆம் ஆண்டு வெளிவந்த ‘அந்நியன்’ என்னும் சிறு நாவலாகும். இதனை வெ. ஸ்ரீராம் அவர்கள் பிரெஞ்சு மூலத்தினின்றே தமிழாக்கம் செய்ய, அது 1980இல் நூலாக வெளிவந்தமையால், தமிழ் மட்டும் அறிந்தாரும் அந்நாவலைக் கற்றல் எளிதாயிற்று. அந்நாவலின் தலைவனாகிய மெர்சோ, தாயின் சவ அடக்கத்தில் கண்ணீர் சொரியாதவன். அவனைக் கல்நெஞ்சன் என்று கதையிலுள்ளார் தீர்த்தனர். கதையைப் படிப்பாருள்ளும் பலர் அவ்வாறே தீர்க்கின்றனர். இத்தீர்ப்பு நேரியதாமோ என்பதை, அந்நூலை இயற்றிய ஆல்பெர் காம்யு என்பார்தம் வாழ்க்கை வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பிறப்பும் வளர்ப்பும்

காம்யு 1913ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள், அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த அல்ஜீரியாவிலே, மொந்தோவி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் லூசியன் காம்யு, திராட்சை மது வணிகர் ஒருவரிடம் பணி செய்து பிழைத்த எளியர். மகவுக்கு ஓராண்டு நிரம்புமுன் முதல் உலகப்போர் மூண்டது. படையிற் சேர்க்கப்பட்ட தந்தையார் மார்ன் ஆற்றங்கரைப் போரிற் புண்பட்டு, சேன் பிரியோ என்னும் நகரத்து மருத்துவமனையில் 1914 அக்டோபர் 11ஆம் நாள் உயிர் நீத்தார். அவருடலில் தைத்திருந்த குண்டுச் சிதறலை அவர் மனைவியார்க்கு அனுப்பி வைத்தனர். மகன் தந்தையின் முகத்தை அறியான்; அச்சிதறலையே அறிவான்.

தந்தையாரைப் பற்றி வீட்டார் சொல்லக் கேட்டது பெரும்பாலும் ஒரே செய்தி. கொடுங்கொலை புரிந்த ஒருவனைச் சிரச்சேதம் செய்வதைக் காணவேண்டுமென்று அவர் ஒருநாள் விடியுமுன் எழுந்து சென்றார். திரும்பி வந்தவர் எவரோடும் ஒரு சொல்லும் பேசாது கட்டிலிற் சாய்ந்தார். பின்பு வாந்தி எடுத்தார். இச்செய்தி மகனுடைய நெஞ்சினின்றும் என்றும் அகலவில்லை. ‘அந்நியன்’ நாவலில் தூக்கிலும் கொடிய அத்தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருக்கும் மெர்சோ, தன் தந்தையைப் பற்றி நினைவுகூர்வதும் இதுவே. பின்னர் 1957இல் மரண தண்டனையைக் கண்டித்துக் காம்யு எழுதிய கட்டுரையும் இச்செய்தியையே தொடக்கமாகக் கொண்டது. பிரான்சு நாடு அத்தண்டனையை ஒழித்தது 1981இல் ஆகும்.

அன்னையார் கத்தரீன் சேந்தெஸ், ஸ்பானியர் வழிவந்தவர். செவிப்புலன் குன்றியவர், எழுதவும் படிக்கவும் அறியாதவர், பேசுதலும் மிக அரியவர். கணவரை இழந்தபின் இரண்டு ஆண்மக்களோடு அல்ஜியர்ஸ் நகரத்துப் பெல்கூர் என்னும் ஏழையர் பகுதியிலே தம் தாயாருடன் வாழ்ந்து, பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பொருளீட்டினார். பாட்டியார் கடுமையே உருவானவர். சிறுவரைச் சவுக்கால் அடிப்பார். உடனுறைந்த மாமனார் எத்தியேன், பீப்பாய் செய்யுந் தொழிலாளி; அவரும் பேச்சுக் குறைந்தவர். மாலையில் வேலை முடித்து வரும் அன்னையார் ஒரு சொல்லும் பேசாது அமர்ந்து தெருவை நோக்கிக்கொண்டிருப்பார். மகனைக் கட்டியணைத்தலும் இனிய மொழி கூறுதலும் அவர் வழக்கமல்ல. ஆயினும் அவரினும் மிகுதியாகக் காம்யு நேசித்தவர் இவ்வுலகில் எவருமிலர். சொல்லில்லாத வீட்டில் அன்பும் சொல்லின்றியே வாழ்ந்தது. இதனை மறவாது மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

கல்வி

இவ்வறியாமைச் சூழலினின்றும் சிறுவனைக் கைதூக்கி விட்டவர் லூயி ஜெர்மேன் என்னும் தொடக்கப் பள்ளி ஆசிரியர். அவரும் அப்போரிலே போராடி மீண்டவர். தந்தையற்ற மாணவனிடத்துத் தனிப்பரிவு கொண்டார். உபகாரச் சம்பளத் தேர்வுக்கென்று கூலியின்றி மேலும் பாடஞ் சொல்லினார். பையன் விரைவிற் கூலி கொண்டுவர வேண்டுமென்று பாட்டியார் தடைசெய்தபோது, தாமே வீடு தேடிச் சென்று அவர் மனத்தை மாற்றினார். இவ்வாறு 1924இல் காம்யு உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து நோபெல் பரிசு கிடைத்தபோது, அன்னையார்க்கு அடுத்தபடியாக இவ்வாசிரியரையே நினைந்து காம்யு நன்றிமடல் எழுதினார். பரிசு பெற்ற காலத்து நிகழ்த்திய உரைகளையும் அவர்க்கே உரிமையாக்கினார். ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளக் கருதும் நம் கல்லூரி மாணவர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்வார்களாக.

கால்பந்தாட்டத்தில் காம்யுவுக்குப் பெருவிருப்பம்; கோற்காவலராக நின்று ஆடுவார். ஆனால் 1930இல், பதினேழாம் வயதில், காசநோய் பற்றியது. ஆட்டம் அன்றோடு முடிந்தது. இளமையிலேயே சாவை அருகிற் கண்ட அவர்க்கு, ஞாயிறும் கடலும் உடம்பும் கிடைத்தற்கரிய செல்வங்களாகத் தோன்றின. ழான் கிரெனியே என்னும் ஆசிரியரிடத்துத் தத்துவம் பயின்று, அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்திலே 1936இல் புளோட்டினஸ், தூய அகஸ்தீன் ஆகிய இருவரையும் பற்றிய ஆராய்ச்சியை எழுதிப் பட்டயம் பெற்றார். தூய அகஸ்தீனும் அவ்வட ஆப்பிரிக்க மண்ணிற் பிறந்தவரென்பது ஈண்டுக் கருதத்தக்கது. நோயின் காரணமாக அரசாங்கத்தார் அவரை ஆசிரியர் தேர்வுக்கு அனுமதிக்கவில்லை.

எழுத்துப்பணி

1938இல் அல்ஜியர்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்றிற் சேர்ந்த காம்யு, நீதிமன்றங்களுக்குச் சென்று வழக்குகளைப் பற்றிச் செய்தி எழுதும் பணியை மேற்கொண்டார். சாட்சிகள் பேசுவதையும், வழக்கறிஞர் சொல்லால் மனிதனை வேறொருவனாகச் சமைப்பதையும் நேரிற் கண்டார். 1939இல் கபீலியா மலைநாட்டுப் பெர்பெர் மக்களின் பட்டினியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைத் தொடர் அரசினர்க்கு வெறுப்பை விளைத்தது. குப்பைத் தொட்டியிலுள்ள உணவுக்காகக் குழந்தைகள் நாய்களோடு போராடியதைக் கண்டவாறே அதில் எழுதினார். பத்திரிகை நிறுத்தப்பட்டது, பிழைப்புத் தேடி 1940இல் பாரிசு சென்றார். அங்கே அவ்வாண்டு மே மாதத்தில் ‘அந்நியன்’ எழுதி முடிந்தது. அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தாறு.

மெர்சோ என்பான்

மெர்சோ அல்ஜியர்ஸ் நகரத்து ஓர் அலுவலகக் குமாஸ்தா. முதியோர் இல்லத்தில் இறந்த தாயை அடக்கஞ் செய்யச் செல்கின்றான். பெட்டியைத் திறந்து முகத்தைக் காட்டுகின்றோம் என்றார்க்கு வேண்டாமென்கின்றான், காப்பி அருந்துகின்றான், புகை பிடிக்கின்றான், அயர்ந்து உறங்குகின்றான். மறுநாள் கடலில் நீந்தி, ஒரு பெண்ணோடு நகைப்புப் படம் பார்க்கின்றான். சின்னாட்கள் கழித்துக் கடற்கரையிலே, கொளுத்தும் வெயிலில், ஓர் அரேபியனைச் சுட்டுக் கொல்கின்றான். நீதிமன்றமோ கொலையைப் பற்றிப் பேசுவதினும் அவன் அழாமையைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றது. காப்பியும் புகையும் சாட்சியங்களாகின்றன. முடிவு, மரண தண்டனை.

இவன் உண்மையில் உணர்ச்சியற்றவனோ? காம்யுவின் இளமையை அறிந்தபின் நாம் அவ்வாறு கொள்ளமாட்டோம். தாயை அடக்கஞ் செய்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமையை அவன் எவ்வாறு கழிக்கின்றான்? மாடத்தில் அமர்ந்து மாலைவரை தெருவை நோக்கிக்கொண்டே இருக்கின்றான். பெல்கூரிலே பேசாதிருந்து தெருவை நோக்கிய அந்த அன்னையின் இருப்பே இவனுக்கும் வாய்த்தது. அண்டை வீட்டுக் கிழவன் சலமானோ, நாளும் அடித்து வைத நாயை இழந்து இரவில் அழுகின்றான். சுவருக்கு அப்பாலிருந்து அதனைக் கேட்ட மெர்சோவுக்கு, ஏனென்று தெரியாமலே, தாயின் நினைவு வருகின்றது. அன்றிரவு அவன் உண்ணாமலே உறங்கப் போகின்றான். நீதிமன்றத்தில் எவரும் கூறாத சாட்சியம் இது. துக்கம் அவனுள் இருந்தது. துக்கத்தின் மொழி அவனிடத்து இல்லை. இல்லாததை உள்ளதுபோல நடிக்க அவன் மறுத்தான் என்பதே வழக்கின் உட்பொருள். 1955இல் அமெரிக்கப் பதிப்பொன்றுக்கு வரைந்த முன்னுரையில் காம்யுவும் இக்கருத்தையே விளக்கினார்.

அம்முன்னுரையில் ஒரு படி மேலே சென்று, தெய்வ நிந்தனை தம் நோக்கமன்று என்று கூறிக்கொண்டே, மெர்சோவை நம் காலத்தார்க்கு ஏற்ற ஒரு கிறிஸ்துவாகக் கருதினார். இங்கே நாம் அவரோடு உடன்படற்கில்லை. பொய்ச்சான்றால் தீர்ப்பிடப்பட்டமையில் ஒப்புமை உண்டென்பது மெய்யே. ஆயின் கிறிஸ்து பெருமான் தம் நண்பன் லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டவர். அவர் கையிற் குருதிப்பழி இல்லை. மெர்சோவோ ஒருமுறை சுட்டபின், கீழே கிடந்த உடலின்மேல் மேலும் நான்குமுறை சுட்டவன். அழாமைக்காக அவனைத் தண்டித்தல் அநீதி. கொலைக்காக அவனை வினவாது விடுதலும் அநீதியே. அந்நீதிமன்றம் இவ்விரண்டு அநீதிகளையும் ஒருங்கே செய்தது. இறந்த அரேபியனுக்கு நாவலில் பெயர்தானும் இல்லை. அவன் தாய் அழுதாளா என்று ஒருவரும் கேட்டிலர். அல்ஜீரிய எழுத்தாளர் கமேல் தாவூத் 2013இல் வெளியிட்ட நாவலொன்று, இறந்தவனுடைய தம்பியின் வாயிலாக இக்குறையை எடுத்துரைத்து, அவனுக்கு மூசா என்று பெயரும் இட்டது.

பிற்கால வாழ்வு

ஜெர்மானியர் பிரான்சை அடக்கியாண்ட காலத்திலே, மறைவாக நடந்த ‘கொம்பா’ பத்திரிகையில் உயிருக்கு அஞ்சாது பணியாற்றினார் காம்யு. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த இரண்டாம் நாள், ஏனையோர் விஞ்ஞானத்தின் வெற்றியென்று வியந்துகொண்டிருக்க, அதனைக் கண்டித்துத் தலையங்கம் எழுதினார். 1947இல் ‘கொள்ளைநோய்’ என்னும் பொருள்படும் பெருநாவல் வெளிவந்தது. 1951இல் வெளியிட்ட நூலொன்றில், புரட்சியின் பெயரால் நிகழும் கொலைகளை எதிர்த்தமையால், மறுவாண்டில் சார்த்தருடைய நட்பை இழந்தார். இருத்தலியர் என்று உலகம் தம்மை அழைத்ததை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. பாரிசிலே தொமினிக்கன் துறவிகளின் அழைப்பை ஏற்றுப் பேசியபோது, தாம் விசுவாசியல்லர் என்பதை மறையாது, கிறிஸ்தவர் அநீதியை ஐயத்திற்கிடமின்றிக் கண்டிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோள் நமக்கும் உரியது.

1954இல் அல்ஜீரிய விடுதலைப்போர் தொடங்கியது. 1956 ஜனவரியில் அல்ஜியர்ஸ் சென்று, இருதிறத்தாரும் குடிமக்களைக் கொல்லாதிருத்தல் வேண்டுமென்று முறையிட்டார், இருதிறத்தாரும் செவிசாய்த்திலர். பின்னர்ப் பெரும்பாலும் வாய் திறந்தாரில்லை. 1957இல் பரிசு பெறச் சுவீடன் சென்றபோது ஓர் அல்ஜீரிய மாணவர் அவரை வன்மையாக வினவினார். குண்டுகள் வெடிக்கும் ஊரிலே தம் அன்னையும் வாழ்வதை எடுத்துக்கூறி, அவ்வன்னையின் பக்கமே தாம் நிற்பதாக விடையிறுத்தார். இவ்விடையைப் பழித்தார் பலர். அன்பால் விளைந்த மௌனத்தை நாம் மதிக்கின்றோம்; ஆயினும் பெயரில்லாதார் மாய்ந்துகொண்டிருக்கும்போது அவருடைய மௌனம் பலரைப் புண்படுத்தியது என்பதையும் மறைத்தற்கில்லை. காம்யுவின் வாழ்விலும் நாவலிலும் இவ்விருவகை மௌனமும் பின்னிக் கிடக்கின்றன.

முடிவு

1960 ஜனவரி 4ஆம் நாள், நண்பர் ஒருவர் செலுத்திய மோட்டார் வண்டி வில்பிளேவன் என்னும் ஊரருகே மரத்தில் மோத, காம்யு அங்கேயே உயிர் நீத்தார். வயது நாற்பத்தாறு. சட்டைப்பையில் பயன்படுத்தாத இரயில் சீட்டு இருந்தது. சிதைந்த வண்டியருகே கிடந்த பையினுள் 144 பக்கங்கொண்ட கையெழுத்துப் பிரதி ஒன்று காணப்பட்டது. ‘முதல் மனிதன்’ என்னும் அந்நாவல் 1994இல் அவர் மகளாரால் வெளியிடப்பட்டது. தந்தையின் கல்லறையை 1947இல் சென்று கண்ட மகன், அங்கே கிடப்பவர் தம்மினும் இளையவர் என்றுணர்ந்து திடுக்கிட்ட நிகழ்ச்சி அதில் கதையாயிற்று. பேசாத அன்னையும், பேசாத மாமனும், கற்பித்த ஆசிரியரும் அதில் உயிர்பெற்று நிற்கின்றனர். படிக்க அறியாத அன்னைக்கே அந்நூலை அவர் உரிமையாக்க எண்ணியிருந்தார். அவ்வம்மையாரும் அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

மாணவ நேயர்காள்! துக்க வீட்டில் ஒருவன் அழாது நின்றால், அவனைக் கல்லென்று தீர்க்க விரையாதிருப்போமாக. சொல் வாய்க்காத அன்பும் உலகில் உண்டு. அதனோடு, வழக்கு எவ்வளவு ஆரவாரமாக நடப்பினும், மாண்டவன் பெயர் யாதென்று கேட்க மறவாதிருப்போமாக.