எடையை ஊருக்குச் சொன்ன பெரியவர்

மாடிப்படியில் எல்லோரும் முன்பக்கமாகத்தான் இறங்குவார்கள். ஆனால் லண்டன் மாநகரில் ஒரு பெரியவர் பின்பக்கமாக இறங்கினார்!

கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். முகத்தைப் படிகளின் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒவ்வொரு காலாக மெதுவாகக் கீழே வைப்பார். கீழே வந்து சேருவதற்குள் மூச்சு வாங்கும்.

அவருக்குக் கால் ஊனம் ஒன்றும் இல்லை. உடம்புதான் பெருத்துவிட்டது! முன்பக்கமாக இறங்கினால், உடம்பின் பாரம் முழுவதும் முழங்காலிலும் கணுக்காலிலும் விழுந்தது. அந்த வலியைத் தாங்க முடியாமல்தான் அவர் இப்படி இறங்கினார். குனிந்து தம் செருப்பின் கயிற்றைக் கட்டவும் அவரால் முடியவில்லை.

அவர் பெயர் வில்லியம் பாண்டிங். உடம்பு இளைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் மறக்கக்கூடாத பெயர் அது.

அரண்மனைக்கு வேண்டியவர்

பாண்டிங் 1796-ம் ஆண்டில் பிறந்தார். அவருடைய குடும்பம் செல்வாக்கு மிகுந்த குடும்பம். லண்டனில் செயிண்ட் ஜேம்ஸ் வீதியில் அவர்களுடைய தொழில் நிலையம் இருந்தது.

என்ன தொழில் தெரியுமா? இறந்தவர்களின் உடலை மரியாதையுடன் அடக்கம் செய்து கொடுக்கும் தொழில். பெட்டி செய்வது முதல் ஊர்வலம் நடத்துவது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு.

1820-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். 1830-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் காலமானார். இருவருடைய இறுதிச் சடங்கையும் இந்தக் குடும்பத்து நிறுவனமே நடத்தியது. நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் பிரபு 1852-ல் மறைந்தார். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் 1861-ல் மறைந்தார். அவர்களுடைய இறுதிச் சடங்குக்கும் பாண்டிங்கைத்தான் அழைத்தார்கள்.

அரசர்களின் கடைசி ஊர்வலத்தை ஒரு குறையும் இல்லாமல் நடத்தியவர் அவர். ஆனால், அவருடைய சொந்த உடம்பு அவர் சொன்னபடி கேட்கவில்லை!

படகு ஓட்டினார், பசி எடுத்தது!

பாண்டிங்கின் தந்தை வழியிலும் தாய் வழியிலும் உடல் பருத்தவர்கள் இல்லை. சிறு வயதிலிருந்தே அவருக்குத் தொந்தி என்றால் ஒரே பயம். ஆனால் முப்பது வயதைத் தாண்டியதும், பயந்த காரியமே வந்து சேர்ந்தது. உடம்பு மெல்லப் பூரிக்க ஆரம்பித்தது.

தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் போனார். காலையில் வேலைக்குப் போகும் முன் நன்றாக உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றும், படகு ஓட்டுவது சிறந்தது என்றும் அந்த வைத்தியர் யோசனை கூறினார்.

பாண்டிங்கின் வீடு ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. கனமான படகு ஒன்றை வைத்துக்கொண்டு, தினமும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டார். கைகால்கள் வலுப்பெற்றன. அதோடு அகோரப் பசியும் வந்தது! பசிக்கு ஏற்றபடி சாப்பிட்டார். எடை குறையவில்லை, கூடியது. வைத்தியரே படகை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பிறகு செய்யாத முயற்சி இல்லை. கடற்காற்று வாங்கினார். குதிரைச் சவாரி செய்தார். வெந்நீராவியில் உட்கார்ந்து வியர்வை சிந்தும் துருக்கிக் குளியல் எடுத்தார். லெமிங்டன், செல்டன்ஹாம், ஹாரோகேட் ஆகிய ஊர்களுக்குப் போய், அங்குள்ள ஊற்று நீரைக் குடித்தார். மருந்தும் குடித்தார். பணம் கரைந்தது. உடம்பு கரையவில்லை!

வலியை விடக் கொடியது

முழங்கால் வலியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். மற்றவர்களின் கேலியைத்தான் பொறுக்க முடியவில்லை.

கூட்டத்துக்குப் போனால் சிரித்தார்கள். வண்டியில் ஏறினால் முணுமுணுத்தார்கள். தெருவில் நடந்தால் ஏதாவது சொன்னார்கள். அதனால் அவர் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். கால் உடைந்தவனைக் கண்டால் ஊர் இரக்கப்படும். உடல் பருத்தவனைக் கண்டால் அதே ஊர் சிரிக்கும். இந்த அநியாயத்தை அவர் பல ஆண்டுகள் வாய் திறவாமல் சுமந்தார்.

காதுக்குப் போனார்; கதவு திறந்தது

வயது அறுபத்தைந்தைக் கடந்தது. கண் மங்கியது. காது சரியாகக் கேட்கவில்லை. காது வைத்தியர் ஒருவரிடம் போனார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிகிச்சையிலும் பலன் இல்லை.

1862-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த வைத்தியர் விடுமுறைக்காக வெளியூர் போய்விட்டார். வேறு வழியில்லாமல் பாண்டிங் இன்னொரு காது வைத்தியரைத் தேடிப் போனார். அந்த விடுமுறைதான் அவருடைய தலைவிதியை மாற்றியது!

புதிய வைத்தியரின் பெயர் வில்லியம் ஹார்வி. பாரிஸ் நகரில் கிளாடு பெர்னார்டு என்ற விஞ்ஞானி நீரிழிவு பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கேட்டவர் அவர். ஈரலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் அந்த விஞ்ஞானி. மாவும் சர்க்கரையும் நீரிழிவுக்காரரைப் பாதிக்கும் என்றால், உடலில் கொழுப்புச் சேரவும் அவை காரணமாக இருக்கலாம் அல்லவா? ஹார்வி இப்படிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் பாண்டிங் அவர் முன்னால் வந்து நின்றார்.

காதில் கோளாறு தோன்றியதற்குக் காரணம் உடல் பருமனே என்று ஹார்வி முடிவு செய்தார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றை இயன்றவரை விட்டுவிடச் சொன்னார்.

பாண்டிங் திகைத்துப் போனார். அவர் உயிர் வாழ்ந்ததே இவற்றில்தான்! காலையில் பாலும் சர்க்கரையும் கலந்த தேநீர், வெண்ணெய் தடவிய ரொட்டி. மத்தியானம் இறைச்சியுடன் பீர், ஏராளமான ரொட்டி, மாவுப் பலகாரம். இரவில் பழப் பணியாரம் அல்லது பாலும் ரொட்டியும். இதுதான் அவருடைய நித்திய உணவு.

ஆயினும் துணிந்தார். பழைய பலகாரங்களைத் தள்ளினார். இறைச்சி, மீன், காய்கறி, பழம் ஆகியவற்றை அளவோடு உண்டார். தேநீரில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ரொட்டி, வறட்டுத் துண்டாக ஒன்று மட்டும். அக்கால ஆங்கிலேயர் வழக்கப்படி திராட்சை மதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது.

தராசு சொன்ன கதை

அப்போது அவருடைய உயரம் 5 அடி 5 அங்குலம். 1862 ஆகஸ்டு 26-ந் தேதி எடை 202 ராத்தல். (ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, அவருடைய எடை ஏறக்குறைய 92 கிலோ.)

அவர் அடிக்கடி எடை பார்த்து, தேதியோடு குறித்துவைத்தார்.

செப்டம்பர் 7-ந் தேதி 200 ராத்தல். இரண்டே ராத்தல்தான் குறைந்திருந்தது. வேறொருவராக இருந்தால், இவ்வளவுதானா என்று சலித்திருப்பார். பாண்டிங் சலிக்கவில்லை. டிசம்பர் 24-ந் தேதி 184. அடுத்த ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி 170. ஆகஸ்டு 26-ந் தேதி, சரியாக ஓர் ஆண்டு முடிந்தபோது, 156!

மொத்தம் 46 ராத்தல் குறைந்துவிட்டது. அதாவது சுமார் 21 கிலோ! இடுப்புச் சுற்றளவில் 12 அங்குலத்துக்கு மேல் போய்விட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த வாரத்திலும் அதிசயம் நடக்கவில்லை. மூன்று வாரத்துக்கு இரண்டு ராத்தல், மூன்று ராத்தல் என்றுதான் குறைந்தது. சிறு துளி பெருவெள்ளம் அல்லவா?

இப்போது அவர் படியில் முன்பக்கமாக இறங்கினார். தம் செருப்பின் கயிற்றைத் தாமே கட்டினார். காதும் தெளிவாகக் கேட்டது.

வெட்கத்தை விட்டார்

கஷ்டம் தீர்ந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். அரண்மனைக்கு வேண்டிய கனவான், தம் தொந்தியைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

ஆனால் தம்மைப்போல் எத்தனை பேர் வீட்டுக்குள் ஒளிந்து வாழ்கிறார்களோ என்று அவர் எண்ணினார். 1863-ல் பொதுமக்களுக்கு ஒரு கடிதம்போல, உடல் பருமன் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாகவே கொடுத்தார்.

எதையும் அவர் மறைக்கவில்லை. பட்ட அவமானம், தோற்ற முயற்சிகள், தின்ற பலகாரங்கள் எல்லாவற்றையும் எழுதினார். எடை குறைந்த கணக்கையும் தேதிவாரியாக வெளியிட்டார். எந்தக் கேலிக்குப் பயந்து ஒளிந்தாரோ, அந்தக் கேலிக்காரர்களின் கையிலேயே தம் எடையை எழுதிக் கொடுத்துவிட்டார்!

புத்தகம் காட்டுத் தீயாய்ப் பரவியது. இலவசப் பிரதிகள் தீர்ந்த பிறகு, 1864-ல் குறைந்த விலையில் விற்பனைப் பதிப்பு வந்தது. ஆயிரக்கணக்கான பிரதிகள் விற்றன. கிடைத்த லாபத்தை அவர் தருமத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் வழியைப் பின்பற்றிப் பலன் கண்டவர்கள் நன்றி தெரிவித்து எழுதினார்கள். முன்பின் தெரியாத மனிதர்கள், வெட்கப்படாமல் தங்கள் உடம்பைப் பற்றி அவரிடம் மனம் திறந்தார்கள். ஒருவர் சொன்ன உண்மை, மற்றவர்களுக்குத் தைரியம் கொடுத்தது.

ஏச்சும் வந்தது

பாராட்டு மட்டும் வரவில்லை. பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. படிப்பறியாத வைத்தியத்தில் இவர் ஏன் தலையிடுகிறார் என்று வைத்தியர்கள் பலர் கோபித்தார்கள். ஹார்வியும் ஏச்சுக்கு ஆளானார். அவர் 1872-ல் இது பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார்.

ஆனால் பாண்டிங், எல்லா நோய்க்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. பருத்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தம் உணவு முறைக்குத் தாவ வேண்டாம் என்றும், வைத்தியரைக் கலந்து ஆலோசித்தே செய்ய வேண்டும் என்றும் அந்தப் புத்தகத்திலேயே எச்சரித்திருந்தார். அது இன்றைக்கும் பொருந்தும் புத்திமதி. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் உணவு எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. மதுவை இன்றைய வைத்தியர்கள் யாரும் மருந்தாகச் சொல்ல மாட்டார்கள்.

பெயரே சொல்லானது

1878 மார்ச் 16-ந் தேதி பாண்டிங் லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 81. முதுமைக்கு முன்பே உடம்பால் முடங்கிப்போயிருக்க வேண்டியவர், இளைத்த பிறகு பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

அவர் பெயர் மறையவில்லை. ஆங்கிலத்தில், உணவைக் கட்டுப்படுத்தி இளைப்பதற்கே ‘பாண்டிங்’ என்று பெயர் வந்தது. சுவீடன் நாட்டு மொழியில் அந்தப் பெயரிலிருந்து பிறந்த ‘பன்டா’ என்ற சொல், இளைப்பதற்காகப் பத்தியம் இருப்பதைக் குறிக்கிறது. இன்றும் அது வழக்கில் இருக்கிறது.

அவர் புத்தகம் வந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஓடின. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஜீன் நிடெட்ச் என்ற குடும்பத் தலைவி, உடல் பருமனால் வருந்தினார். பிஸ்கட்டுகளை ஒளித்துவைத்துத் தின்னும் பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. 1961-ல் தம்மைப்போன்ற சிநேகிதிகளை வீட்டுக்கு அழைத்து, அந்த ரகசியத்தைச் சொன்னார். அவர்களும் தங்கள் ரகசியங்களைச் சொன்னார்கள். வாரந்தோறும் கூடிப் பேசினார்கள். ஒருவரை ஒருவர் ஊக்கப்படுத்தினார்கள். 1963-ல் அது ஒரு நிறுவனமாகி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

பாண்டிங் கைவிட்ட உணவுகளின் பட்டியலைப் பற்றி வைத்தியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் அவர் செய்த மற்றொரு காரியத்தில் விவாதத்துக்கு இடமில்லை. தம் எடையை மறைக்காமல் எழுதிவைத்தார். சிறிது குறைந்தாலும் அதைக் கணக்கில் சேர்த்தார். தமக்குக் கிடைத்த நன்மையைப் பிறருக்கும் சொன்னார்.

நம் வீட்டிலும் இளைக்க முயலும் அண்ணனோ, அக்காளோ, அம்மாவோ இருக்கலாம். ஒரு ராத்தல் குறைந்தது என்று அவர்கள் வந்து சொல்லும்போது, சிரிக்காமல் காது கொடுத்துக் கேட்டால் போதும். லண்டன் தெருக்களில் பாண்டிங்குக்குக் கிடைக்காத உதவி அதுதான்!