விமானம் ஓட்டிய கோதவர்ம ராஜா

மாலையில் சங்குமுகம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகும் நம்மவர்கள், தாழ்ந்து வரும் விமானத்தை அண்ணாந்து பார்க்காமல் இருப்பதில்லை. இந்நகருக்கு விமானம் வரவேண்டும் என்று முன்னின்று பாடுபட்டவர் லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜா. ஜி. வி. ராஜா என்றால்தான் இங்கே பலருக்குப் புரியும்.

மீனச்சில் பகுதியில் உள்ள பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908 அக்டோபர் 13-ந் தேதி பிறந்தார். மதுரைப் பாண்டியர் வழி வந்த குடும்பம் என்பது அவர்கள் மரபு. ஆகவே நமக்கும் ஒருவகையில் உறவுதான்! 1934-ல் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் தங்கை கார்த்திகைத் திருநாள் லட்சுமிபாயை மணந்தார். மகாராஜாவின் மைத்துனர், அரண்மனையில் சாய்ந்து உட்கார்ந்தே காலம் தள்ளியிருக்கலாம். அவரோ டென்னிஸ் மட்டையையும் விமானத்தையும் பிடித்துக் கொண்டார். 1935-ல் டாட்டா கம்பெனியின் சிறு விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரம் வந்து இறங்கியது.

பின்னர் விமானம் ஓட்டிப் பழகுவதற்கென்றே இங்கு ஒரு கிளப்பையும் ஏற்படுத்தினார். பணக்காரர் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் அதில் ராஜாவுக்கும் குமாஸ்தாவுக்கும் சட்டம் ஒன்றே. ஏறுவதற்கு முன் ஓட்டுபவரே விமானத்தைச் சுற்றி வந்து இறக்கை, வால், சக்கரம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோலைக் கொஞ்சம் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தரையில் பஸ் நின்றால் இறங்கித் தள்ளலாம்; ஆகாயத்தில் யார் தள்ளுவது? எதிரெதிரே இரண்டு விமானங்கள் வந்தால் இருவரும் வலப்புறம் ஒதுங்க வேண்டும். இறங்க வருகிறவருக்கே முதல் வழி. கிளம்புகிறவர் காத்திருக்க வேண்டும்.

1944-ல் அவருடைய மூத்த மகன் அவிட்டம் திருநாள் ஆறு வயதில் இதய நோயால் மறைந்தான். நம் பெண்கள் பிரசவத்துக்குப் போகும் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி அந்தப் பிள்ளையின் பெயரில் எழுந்ததுதான். வாசலில் காத்து நிற்கும் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!

விளையாட்டு அரண்மனை மைதானத்தோடு நின்றுவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். 1954-ல் பிறந்த விளையாட்டுக் கவுன்சிலுக்கு அவரே முதல் தலைவர். பட்டணம் பாராத பிள்ளைகளும் பந்து விளையாட மாநிலத்துக்கு ஓர் அமைப்பு கிடைத்தது. கோவளம் கடற்கரையை வெளிநாட்டார் அறியச் செய்ததிலும் அவர் பங்கு பெரிது.

1971 ஏப்ரல் 30-ந் தேதி, பனிமலை சூழ்ந்த குலு பள்ளத்தாக்கில் அவர் சென்ற விமானம் விழுந்து நொறுங்கியது. வயது 62. தென்கோடிக் கடற்கரைக்கு விமானத்தைக் கொண்டுவரப் பாடுபட்டவர், வடகோடி மலையில் விமானத்திலேயே உயிர் விட்டார். அரண்மனைக்குத் தந்தி வந்த நாள் எப்படி இருந்திருக்கும்!

அருவிக்கரை அருகே மயிலத்தில் உள்ள விளையாட்டுப் பள்ளிக்கு அவர் பெயர்தான். பள்ளிப் பாடத்துடன் ஓட்டமும் பந்தும் அங்கே கற்றுத் தருகிறார்கள். அவர் பிறந்த அக்டோபர் 13 கேரளத்தின் விளையாட்டு தினம்.