நாவலர் பெருமான்: கற்ற இடமும் நின்ற இடமும்

சைவ உலகம் ஐந்தாங் குரவரெனப் போற்றும் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் நல்லூரிற் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்ப் பிறந்தார். அவரை அறியாத சைவர் இலர். எனினும், மிஷன் பாடசாலையிற் கற்று வளர்ந்த எமக்கு அவர் சரித்திரம் தனிப்பட்டதொரு பாடமாகும். அவரும் அத்தகைய பாடசாலையிலேயே கற்றவர்.

யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கத் துணைநின்றார். நல்ல உத்தியோகம், பாதிரியாரின் மதிப்பும் பெரிது. ஆயினும் 1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். மறு வருடம் உத்தியோகத்தைத் துறந்து, அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

1849இல் தமிழகஞ் சென்றபோது திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. அச்சியந்திரத்துடன் மீண்டவர், பாலபாடங்களையும், பெரியபுராண வசனத்தையும், சிறு கண்டனப் பிரசுரங்களையும் வெளியிட்டார். 1854இல் வந்த சைவதூஷண பரிகாரத்திலே விவிலியத்தையே சான்றாக்கி, அதிற் கூறப்பட்ட ஆலய வழிபாட்டு முறைகள் எமது முறைகளை ஒத்திருத்தலைக் காட்டினார். தாம் கற்ற கல்வியை அவர் வெறுத்து எறிந்தாரல்லர். அதனையே தம் மக்களுக்குப் பயன்படுத்தினார்.

1864இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். 1872இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலையோ பொருள் முடையினாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அதிகாரிகளின் அசட்டையைக் கண்டித்தெழுதினார். 1879இற் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களைத் தெரிவிக்கும்படி கூட்டம் கூட்டிப் பேசினார். அவ்வாண்டு மார்கழி 5ஆந் திகதி, இல்லறம் புகாத அப்பெருமகனார் சிவபதமடைந்தார். அவர் விட்ட முயற்சி வீண்போகவில்லை. 1888இற் சைவ பரிபாலன சபையும், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் தோன்றின.

பெரியோரைப் போற்றுதல் என்பது அவர் குறையை மறைத்தலன்று. சாதி வேற்றுமையை நாவலர் ஒழிக்க முயலவில்லை, பேணவே செய்தார். அவர் திறந்த கல்வி எல்லாருக்குந் திறக்கவில்லை. அக்கதவை முற்றாகத் திறத்தல் அவர் வழிவந்த எமது கடமையாகும்.

தர்மபுரத்து இளைஞர்களே! எங்கே கற்றோம் என்பதைப் பற்றி நாணவும் வேண்டாம், செருக்கவும் வேண்டாம். கற்றதை யாருக்காகச் செலவிடுகின்றோம் என்று எம்மை நாமே கேட்போமாக. அயலிலே எழுத்தறியாதிருக்கும் ஒரு பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் பாடஞ் சொல்லிக் கொடுப்போமாயின், அதுவே நாவலர் பெருமானுக்கு நாம் எடுக்கும் மெய்யான குருபூசையாகும்.