கூர்ட் டாங்க்: மாருதம் படைத்த ஜெர்மானியர்

விமானக் கலை பயில்வோர் மறக்கலாகாத பெயர் கூர்ட் டாங்க். 1898 பிப்ரவரி 24-இல், இன்று போலந்து நாட்டைச் சேர்ந்த பிராம்பெர்க் நகரில் பிறந்தார். முதல் உலக யுத்தத்தில் குதிரைப்படையில் பணியாற்றினார். பின்னர் பெர்லினில் பொறியியல் கற்று, 1931-இல் பிரேமன் நகரத்து ஃபோக்கே-வுல்ஃப் கம்பெனியில் சேர்ந்தார். தாம் வரைந்த விமானங்களைத் தாமே ஓட்டிப் பார்க்கும் துணிவும் அவருக்கு இருந்தது.

அவருடைய எஃப்.டபிள்யூ. 190 என்ற போர் விமானம் 1939 ஜூன் 1-இல் முதன்முதலாகப் பறந்தது. அக்காலத்து ஐரோப்பியப் போர் விமானங்கள் பலவற்றில் எஞ்சினைக் குளிர்விக்கத் திரவமே ஓடிற்று. அதன் குழாயில் ஒரு குண்டு பாய்ந்தால் எஞ்சின் நின்றுவிடும். டாங்க் காற்றினால் குளிரும் எஞ்சினைத் தேர்ந்தார். கரடுமுரடான தளத்திலும் இறங்குவதற்குச் சக்கரக் கால்களை அகல வைத்தார். பந்தயக் குதிரையன்று, அடிபட்டும் ஓடும் படைக்குதிரையே அவர் வேண்டியது! 1941-இல் போர்முனைக்கு வந்ததும் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரே திணறியது. 20,000-க்கு மேற்பட்டவை கட்டப்பெற்றன. ஆயினும் அத்திறமை ஹிட்லரின் கொடுங்கோலுக்குப் பயன்பட்டது என்பதையும் நாம் மறைத்தலாகாது.

யுத்தத்திற்குப் பின் 1947-இல் அர்ஜென்டினா சென்றார். அங்கு பெரோன் ஆட்சி 1955-இல் கவிழவே, அடுத்த ஆண்டு இந்தியா அவரை அழைத்துக்கொண்டது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ஆசிரியர்களுள் ஒருவராக அவரை அப்துல் கலாம் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்.

பெங்களூரில் அவர் தலைமையில் நம் பொறியாளர்கள் படைத்த ஜெட் போர் விமானமே ‘மருத்’. 1961 ஜூனில் சுரஞ்சன் தாஸ் அதனை வானில் ஏற்றினார். ஒலியைப் போல் இருமடங்கு வேகம் நாடிய திட்டம் அது. ஆனால் நம்பியிருந்த வலிய ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பிரிட்டன் முடிக்கவில்லை. அதை முடிப்பதற்கான செலவை ஏற்க இந்தியாவும் முன்வரவில்லை. சிறிய எஞ்சின்களே பொருத்தப்பட்டன. ஒலியின் வேகத்தை எட்டுவதே அரிதாயிற்று. எனினும் 147 விமானங்கள் உருவாயின. 1971 யுத்தத்தில் ஓர் எஞ்சின் பழுதுற்றும் மற்றொன்றின் பலத்தால் தளம் மீண்டவையும் உண்டு.

பின்னர் தாயகம் திரும்பிய டாங்க், 1983-இல் மியூனிக்கில் காலமானார்.

நண்பர்களே! சிறகை நாம் சமைத்தோம். அதனை இயக்கும் எஞ்சினுக்குப் பிறர் வாயிலில் நின்றோம். அந்தக் குறை இன்னும் முற்றும் தீரவில்லை. அதைத் தீர்ப்பது விஞ்ஞானம் பயிலும் நம் கடமையன்றோ!