எல்லிஸ் துரை: அதிகாரிகளைத் தமிழ் படிக்க வைத்தவர்

மண்ணூரில் இருந்து ஒருவர் நிலப் பிரச்சினைக்காக கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டு போகிறார். கலெக்டர் வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலும் தமிழில்தான் விசாரிப்பார். ஐ.ஏ.எஸ். பயிற்சியிலேயே, வேலை பார்க்கப்போகும் மாநிலத்தின் மொழியைப் படித்தாக வேண்டும். இது நேற்று வந்த ஐடியா இல்லை. 200 வருஷத்துக்கு முன்பே சென்னையில் இதற்காக ஒரு காலேஜ் இருந்தது. அதற்குக் காரணமானவர் எல்லிஸ்.

யார் இவர்?

ஃபிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1777-ல் பிறந்தவர். 1796-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக சென்னை வந்தார். 1810-ல் சென்னை கலெக்டர் ஆனார்.

எதற்கு ஒரு காலேஜ்?

கம்பெனியின் இளம் அதிகாரிகள் கப்பலில் இருந்து இறங்கியதும் வரி வசூல், வழக்கு விசாரணை என்று உட்கார வேண்டும். ஊர் பாஷை தெரியாது. துபாஷி சொல்வதுதான் அவர்களுக்கு உண்மை. இதை மாற்றத்தான் 1812-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. முத்துசாமிப் பிள்ளை, சிதம்பரப் பண்டாரம் போன்ற புலவர்கள் அங்கே இருந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் பாடம்.

என்ன கிடைத்தது?

எல்லா இந்திய மொழிகளும் சமஸ்கிருதத்தில் இருந்து வந்தவை என்று அப்போது பலர் நம்பினார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816-லேயே சான்றுகளோடு எழுதினார். கால்டுவெல் புத்தகம் வருவதற்கு 40 வருஷம் முன்பு!

மக்களுக்காகவா?

முழுசா அப்படிச் சொல்ல முடியாது. கம்பெனிக்கு வரி ஒழுங்காக வரணும், அதுதான் நோக்கம். மண்ணூர் பக்கமும் அடங்கிய தொண்டை மண்டலத்தின் மிராசு நில உரிமை பற்றி, சங்கரய்யாவின் துணையோடு எல்லிஸ் விரிவாக எழுதினார். 1818-ல் அது அச்சானது. ஆனால் மிராசு என்பது நிலம் வைத்திருந்தவர்களின் உரிமை. அந்த வயலில் அடிமையாக உழைத்தவர்களுக்கு அதில் நிலம் இல்லை. மொழி தெரிந்த அதிகாரி மனுவைப் படித்துவிடலாம். மனு போடவே வழியில்லாதவர் குரல் அவர் காதுக்கு எட்டியதா என்பது வேறு கேள்வி.

பிறகு?

1819-ல் ராமநாதபுரத்தில், தவறுதலாக விஷம் கலந்து எல்லிஸ் இறந்தார். 40-ஐத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான். அவர் எழுதி வைத்த காகிதங்களில் பெரும்பகுதி கவனிப்பாரின்றி அழிந்தது. காலேஜும் 1854-ல் மூடப்பட்டது.

மிச்சம் இருப்பது பெயர்தான். நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு வழியாகப் போயிருப்பீர்கள். அந்த காலேஜ் இதுதான்.