சுவாமிஜியின் சொற்களைக் காத்த கரம்

1895 டிசம்பர் மாதம். நியூயார்க் நகரின் மேற்கு 39ஆம் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சுவாமி விவேகானந்தர் வேதாந்த வகுப்புகளை நடத்திவந்தார். எழுதி வைத்துக்கொண்டு பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் பேசி முடித்ததும் அந்த அரிய சிந்தனைகள் கேட்டவர்களின் நினைவில் மட்டுமே எஞ்சின. இதனால் வருந்திய மாணவர்கள் ஒரு சுருக்கெழுத்தாளரை நியமித்துப் பார்த்தனர், பயன் இல்லை. பேச்சின் வேகத்திற்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. பேசப்பட்ட பொருளும் அவருக்குப் பிடிபடவில்லை. எனவே செய்தித்தாள்களில் விளம்பரம் தரப்பட்டது. அதைக் கண்டு வந்தவர் ஜோசையா ஜான் குட்வின் என்ற ஆங்கிலேய இளைஞர். அப்போது அவருக்கு வயது 25.

குட்வின் 1870 செப்டம்பர் 20ஆம் நாள் இங்கிலாந்தில் பாத் நகரை அடுத்த பாத்ஈஸ்டனில் பிறந்தார். சுருக்கெழுத்து முறையை உருவாக்கிய ஐசக் பிட்மன் வாழ்ந்த நகரம் அது. நீதிமன்றங்களில் சாட்சியங்களைப் பதிவு செய்து தேர்ந்த குட்வின், நிமிடத்திற்கு 200 சொற்கள் எழுத வல்லவர் என்று சொல்லப்படுவதுண்டு. ஆன்மீக நாட்டத்தால் அவர் அங்கு வரவில்லை. கூலிக்கு வேலை தேடித்தான் வந்தார்.

ஆனால் இந்த வேலைக்கு விரல்களின் வேகம் மட்டும் போதாது. சுருக்கெழுத்து ஒலியை வைத்து எழுதப்படுவது. கேட்ட சொல் தெரிந்த சொல்லாக இருந்தால்தான் கோடுகளைப் பின்னர் சரியாகப் படித்தெடுக்க முடியும். நீதிமன்றத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு ஆத்மா, மாயை, நிஷ்காம கர்மம் ஆகியவை முற்றிலும் புதிய ஒலிகள். முன்பு வந்தவர் தடுமாறியதும் இங்கேதான். குட்வின் அந்த வகுப்பையே தமது பள்ளியாக்கிக்கொண்டார். கேட்டதை எழுதினார், அன்றே தட்டச்சு செய்தார். அவ்வாறு செய்யும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் மறுபடியும் மனத்தில் வாங்கினார். ஒரே உரையை ஒரே நாளில் இருமுறை கற்ற மாணவர் அந்த வகுப்பில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்!

சில வாரங்களிலேயே அவர் ஊதியம் பெற மறுத்துவிட்டார். சுவாமிஜி தமது வாழ்வையே வழங்கும்போது தாம் உழைப்பையாவது தர வேண்டாமா என்பது அவரது எண்ணம். அப்போது அவர் பதிவு செய்துகொண்டிருந்தது கர்மயோக உரைகளை என்பது எவ்வளவு பொருத்தம்! பலன் கருதாப் பணியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் அதையே வாழத் தொடங்கிவிட்டார். 1896இல் அந்த உரைகள் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டு அவர் சுவாமிஜியுடன் லண்டன் சென்றார். பின்னாளில் ஞானயோகம் என்ற நூலில் இடம்பெற்ற லண்டன் உரைகளும் அவர் எழுதி வைத்தவையே. அசைவ உணவைத் துறந்து, பிரம்மசரிய வாழ்க்கையை மேற்கொண்டார். சுவாமிஜியின் சிறு சிறு தேவைகளையும் தாமே கவனித்துக்கொண்டார்.

1897 ஜனவரி 15ஆம் நாள் சுவாமிஜி கொழும்பில் கரையிறங்கியபோது குட்வினும் உடன் வந்தார். யாழ்ப்பாணம், பாம்பன், இராமநாதபுரம், மதுரை, கும்பகோணம், சென்னை என ஊர்தோறும் மக்கள் வெள்ளம், வாத்திய முழக்கம், வரவேற்புப் பத்திரங்கள். அமைதியான நியூயார்க் அறையில் எழுதுவது வேறு. இந்த ஆரவாரத்தில், பழகாத வெயிலில், ஒரு சொல்லும் தவறாமல் எழுதுவது வேறு. பேச்சு முடிந்ததும் மற்றவர்கள் ஓய்வெடுப்பர். குட்வினுக்கு அப்போதுதான் வேலையின் மறுபாதி தொடங்கும். பத்திரிகைகளுக்கு அனுப்பவேண்டிய பிரதிகளைத் தயாரித்துவிட்டே அவர் எழுவார். கொழும்பு முதல் அல்மோரா வரை நிகழ்ந்த சொற்பொழிவுகள் இன்று நூலாக நம் கையில் இருப்பதற்கு அந்த உழைப்பே பெரிதும் காரணம்.

அடுத்த ஆண்டு அவர் சென்னையில் தங்கினார். அளசிங்கப் பெருமாள் நடத்திய பிரம்மவாதின் இதழுக்கு உதவினார். பிறருக்குச் சுமையாக இருக்க விரும்பாமல் மெட்ராஸ் மெயில் நாளேட்டிலும் பணியேற்றார். உடல்நலம் குன்றி, உதகமண்டலத்தில் 1898 ஜூன் 2ஆம் நாள் காலமானார். 28 வயதுகூட நிறையவில்லை. அங்குள்ள புனித தாமஸ் தேவாலயக் கல்லறையில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அல்மோராவில் இருந்த சுவாமிஜிக்குச் செய்தி எட்டியது. தமது வலக்கரமே போய்விட்டதாக அவர் துயருற்றார். குட்வினின் ஆன்ம சாந்திக்காக ஒரு கவிதை எழுதி, அவருடைய தாயாருக்கு அனுப்பினார்.

அந்த இழப்பு எத்தகையது என்பது பின்னர்தான் முழுமையாகத் தெரிந்தது. 1900இல் கலிபோர்னியாவில் சுவாமிஜி ஆற்றிய உரைகள் பலவற்றை ஐடா ஆன்செல் என்ற இளம்பெண் குறிப்பெடுத்தார். அக்கலையில் அவர் அப்போது முழுத் தேர்ச்சி பெற்றிருக்கவில்லை. எழுதியவை குறையுடையவை என்று தயங்கிப் பல பத்தாண்டுகள் அவற்றை வெளியிடாமலே வைத்திருந்தார். அச்சேறியபோதும் ஆங்காங்கே இடைவெளிகள் இருந்தன. குட்வின் எழுதிய சுருக்கெழுத்துக் குறிப்புகளிலும் தட்டச்சு செய்யப்படாதவை இருந்தன. அவை அவரது உடைமைகளுடன் இங்கிலாந்திலிருந்த தாயாருக்கு அனுப்பப்பட்டன. பின்னாளில் அன்பர்கள் தேடியும் அவை கிடைக்கவில்லை.