நந்தனுக்காகப் பாடியவர்

பாட்டாலேயே கதை சொல்லும் நாடகத்தை இத்தாலியர் ஆப்பரா என்பர். தெருக்கூத்தைக் கண்டு வளர்ந்த கள்ளக்குறிச்சி மக்களாகிய நமக்கு அது புதிதன்று. இத்தாலிய இசைமேதை வெர்டி 1842-இல் மிலான் நகரில் அரங்கேறிய நாடகத்தில் அடிமைப்பட்ட யூதர்களின் ஏக்கத்தை இசையாக்கினார். அதே நூற்றாண்டில் நந்தனாரின் ஏக்கத்தை இசையாக்கியவர் நம் கோபாலகிருஷ்ண பாரதியார்.

நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் பிறந்த அவர், மணம் புரியாமல் இசைக்காகவே வாழ்ந்தார். பெரியபுராணத்தில் இல்லாத ஆண்டை ஒருவரைத் தம் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் படைத்தார். சிதம்பரம் செல்ல விடை கேட்ட நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுத்த பின்பே போகலாம் என்கிறார் ஆண்டை. இறையருளால் ஒரே இரவில் பயிர் விளைகிறது. ஆண்டையே நந்தனை வணங்குகிறார்.

இலக்கணப் பிழைகளைக் கண்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாற்றுகவி தரத் தயங்கினார். பாரதியார் பாடக் கேட்டதும் மனமுருகித் தந்தார். 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே திரையில் நடித்தார்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. அதற்கு நூறாண்டுக்கு முன்பே உழைப்பவர் துயரை அவையோர் நெஞ்சில் பதித்தவர் பாரதியார். அவர் பாடல்களைப் பாடும்போது, அத்துயரையும் நாம் உணர்ந்து பாடுவோமாக!